உதிர்ந்த ஊசி யாருக்குச் சொந்தம்?

மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சருகை ஒருவர் கூடையில் வாரிக்கொண்டு போனால் அதைத் திருட்டு என்று சொல்வீர்களா? நம் ஊர்ப்புறங்களில் சருகு அரிக்க வருகிறவர்களைத் தோப்புக்காரர் ஒரு வார்த்தை அதட்டுவதுண்டு. அதற்கு மேல் விஷயம் வளர்வதில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த வட கரோலினா மாநிலத்தின் சட்டப் புத்தகத்தில் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. சருகு அள்ளக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்த நிலத்திலிருந்து பைன் மரச் சருகைத் திருடும் நோக்கத்துடன் எடுத்துச் செல்வது அங்கே சில்லறைக் குற்றமன்று. பெருங்குற்றங்களின் வரிசையில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது.

சருகுக்கா இத்தனை காவல் என்று நீங்கள் வியக்கலாம். அது போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஜார்ஜியா, அலபாமா, புளோரிடா, வட கரோலினா, தென் கரோலினா முதலிய தென்கிழக்கு மாநிலங்களில் எந்த ஊருக்குச் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டு முகப்பிலுள்ள பூச்செடிகளின் அடியிலும், நடைபாதை ஓரத்து மரங்களைச் சுற்றியும், பள்ளிக்கூட வளாகத்திலும் செம்பழுப்பு நிறத்தில் மெத்தை போட்டதுபோல் ஒன்று பரப்பப்பட்டிருக்கும். கால்ஃப் விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கும் அது பழக்கமானதே. 2010ஆம் ஆண்டு ஜார்ஜியாவிலுள்ள அகஸ்டா மைதானத்தில் பில் மிக்கெல்சன் என்ற ஆட்டக்காரர் இரண்டு மரங்களுக்கு நடுவேயிருந்து அடித்த புகழ்பெற்ற பந்து இந்த மெத்தையின் மேல்தான் கிடந்தது. இது கடையில் காசு கொடுத்து, கட்டுக் கட்டாக வாங்கி வந்து பரப்பும் பொருள். அமெரிக்கத் தென்னாட்டார் இதைச் சருகு என்று சொல்வதில்லை; ‘பைன் வைக்கோல்’ என்றே சொல்கிறார்கள்.

பைன் மரத்தின் இலை தட்டையாக இராது, ஊசிபோல் இருக்கும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கொடைக்கானலிலோ உதகையிலோ பைன் தோப்புக்குள் நடந்தவர்களுக்கு அடியில் கிடக்கும் ஊசிகளில் கால் வழுக்கிய அனுபவமும் இருக்கும். ஊசிகள் தனித்தனியாக முளைப்பதில்லை. இரண்டு, மூன்று, ஐந்து என ஒரு காம்பில் சேர்ந்து முளைக்கும். எத்தனை என்பது இனத்தைப் பொறுத்தது. நாம் பேசப் போவது அமெரிக்கத் தென்கிழக்கின் ‘நீள் இலைப் பைன்’ என்ற இனம். அதன் ஊசிகள் மூன்று மூன்றாகச் சேர்ந்தவை; எட்டு அங்குலம் முதல் பதினெட்டு அங்குலம் வரை நீளமுள்ளவை. ஓர் ஊசி ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலம் மரத்தில் இருந்து வேலை செய்துவிட்டு, பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் கீழே விழுகிறது. விழுந்த பிறகு அதற்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

மூடாக்கு செய்யும் வேலை

செடியைச் சுற்றியுள்ள மண்ணை இலை, தழை, சோகை போன்றவற்றால் மூடி வைப்பதற்கு மூடாக்கு என்று பெயர். கரும்புத் தோட்டத்தில் சோகையைப் பரப்புவதும், தென்னைக்கு அடியில் மட்டைகளையும் உரிமட்டைகளையும் போடுவதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இது ஏன் பயன் தருகிறது என்பதை நீங்களே சோதித்து அறியலாம். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்புங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றின் மேல் இரண்டு அங்குலக் கனத்துக்குக் காய்ந்த சருகைப் பரப்பி, இரண்டையும் வெயிலில் வையுங்கள். தினமும் காலையில் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். மூடாத தொட்டியின் எடை வேகமாகக் குறைவதை ஒரு வாரத்துக்குள் காண்பீர்கள்.

குறைந்த எடை முழுவதும் ஆவியாகிப்போன நீர்தான். வெறும் மண்ணின் மேற்பரப்பு வெயிலில் சூடேறுகிறது. அதன்மேல் காற்றும் வீசுகிறது. மேலே உள்ள ஈரம் போகப் போக, அடியிலுள்ள ஈரம் மண் துகள்களுக்கு நடுவேயுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக மேலே ஏறி வந்து அதுவும் ஆவியாகிறது. சருகு மெத்தை வெயிலையும் காற்றையும் மண்ணில் படாமல் தடுத்துவிடுகிறது. மழைத்துளி மண்ணை நேராக அறையாமலும் அது பார்த்துக்கொள்கிறது. மண் தெறித்தால் அதிலிருக்கும் பூஞ்சைக் கிருமிகள் இலைகளின் அடிப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். காய்கறிச் செடிகளின் நோய்களில் பல இப்படித்தான் ஏறுகின்றன. களை விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் போவது இன்னொரு லாபம்.

இவை எல்லா மூடாக்குக்கும் பொது. பைன் ஊசிக்கு மட்டும் உள்ள குணம் எது? அது நீளமானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால் சரிவான நிலத்தில் போட்டாலும் கன மழையில் அடித்துக்கொண்டு போவதில்லை. மரப்பட்டைச் சில்லுகள் மழையில் மிதந்து தெருவுக்கு வந்துவிடும்; ஊசிகள் அப்படி வருவதில்லை. பின்னிக்கொண்டாலும் காற்றும் நீரும் புகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். ஊசியின் மேலே மெழுகுப் பூச்சும் உள்ளே பிசினும் இருப்பதால் அது சீக்கிரம் மக்குவதில்லை. ஓராண்டு தாங்கும், பிறகு மேலே கொஞ்சம் புதிதாகப் போட வேண்டும்.

இங்கே தோட்டக்காரர்களிடையே நிலவும் ஒரு நம்பிக்கையையும் பார்த்துவிடுவோம். பைன் சருகு மண்ணைப் புளிக்கச் செய்துவிடும், அதாவது அமிலத்தன்மையை ஏற்றிவிடும் என்பார்கள். பச்சை ஊசியில் அமிலம் உண்டு என்பது உண்மையே. ஆனால் காய்ந்து உதிர்ந்து, மண்ணின் மேல் கிடந்து மக்கும்போது நுண்ணுயிர்களின் வேலையால் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. மேலே பரப்பிய சருகினால் மண்ணின் அமில அளவில் ஏற்படும் மாறுதல் மிகச் சிறிது. அசேலியா, கமேலியா போன்ற அமில மண்ணை விரும்பும் செடிகள் அந்தப் பகுதிகளில் பைன் சருகின் நடுவே செழித்து நிற்பதைக் கண்டு எழுந்த நம்பிக்கை இது. அங்கே மண்ணே இயல்பில் அமில மண். புகழ் சருகுக்குப் போய்விட்டது!

ஒன்பது கோடி ஏக்கர்

ஐரோப்பியர் வந்து குடியேறுவதற்கு முன் வர்ஜீனியாவிலிருந்து டெக்ஸாஸ் வரை கடலோரச் சமவெளியில் சுமார் 9 கோடி ஏக்கர் பரப்பில் நீள் இலைப் பைன் காடுகள் இருந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடர்ந்த இருண்ட காடு என்று எண்ணிவிடாதீர்கள். மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். இடையே வெயில் தரையில் விழும். தரை முழுவதும் ‘கம்பிப்புல்’ என்ற புல்லும் பலவகைப் பூண்டுகளும் நிறைந்திருக்கும். நல்ல நிலையிலுள்ள இத்தகைய காட்டில் ஒரு சதுர மீட்டரில் 40 வகைத் தாவரங்கள்கூட எண்ணப்பட்டிருக்கின்றன.

இந்த அமைப்பைக் காப்பாற்றி வந்தது நெருப்பு. கோடை இடியில் பற்றிய தீயும், அப்பகுதிப் பழங்குடியினர் வேட்டைக்காகவும் மேய்ச்சலுக்காகவும் வைத்த தீயும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடிப் போகும். தீக்கு விறகு எது? உதிர்ந்த பைன் ஊசிகளும் காய்ந்த கம்பிப்புல்லும்தான். பிசின் நிறைந்த ஊசி நன்றாக எரியும். லேசாகக் குவிந்து கிடப்பதால் காற்றோட்டத்துக்கும் குறைவில்லை. இந்தத் தீயில் மற்ற மரக் கன்றுகள் கருகிப் போகும். நீள் இலைப் பைன் மட்டும் தப்பும். அதன் கன்று முளைத்த முதல் சில ஆண்டுகள் உயரமாக வளர்வதே இல்லை. ஒரு புல் குத்துப்போல் தரையோடு இருந்துகொண்டு, வேரை மட்டும் ஆழமாக இறக்கும். நடுவிலுள்ள குருத்தை நீண்ட ஊசிகள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ளும். ஊசிகளின் நுனி எரிந்தாலும் குருத்து பிழைத்துவிடும். போதுமான பலம் சேர்ந்ததும் திடீரென்று மேலே கிளம்பும். ஆகவே, மரம் உதிர்த்த சருகு தன் பகைவர்களை எரிக்கும் எரிபொருளாகவும், எரியாத ஆண்டுகளில் மண்ணுக்கு உரமாகவும் இருந்தது. காட்டின் தரையில் அதற்கு இந்த இரண்டு வேலைகள்.

குடியேறியவர்களுக்கு முதலில் ஊசி தேவைப்படவில்லை, பிசின்தான் தேவைப்பட்டது. மரக்கப்பல்களின் இடுக்குகளை அடைக்கக் கீலும், கயிறுகளுக்குப் பூசத் தாரும் இல்லாமல் அக்காலத்தில் கடற்படை கிடையாது. சுவீடனிலிருந்து வந்த தாரை நம்பியிருக்க விரும்பாத பிரிட்டன், 1705இல் சட்டம் செய்து அமெரிக்கக் குடியேற்றங்களில் தயாராகும் தாருக்கும் கீலுக்கும் ஊக்கத்தொகை அளித்தது. வட கரோலினா அந்தத் தொழிலின் தலைமையிடமாயிற்று. பின்னர் டர்ப்பன்டைன் தொழில் பெருகியது. மரத்தின் அடியில் கோடரியால் பள்ளம் வெட்டி, அதற்கு மேலே பட்டையைச் சீவிச் சீவி, வடியும் பிசினை அந்தப் பள்ளத்தில் பிடிப்பார்கள். 1865 வரை இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். அதன் பிறகும் கடனில் சிக்கவைக்கப்பட்டவர்களையும், சிறையிலிருந்து வாடகைக்கு விடப்பட்ட கைதிகளையும் வைத்தே தொழில் நடந்தது.

நம் கதையில் சருகு அரிக்கும் வாரி முதன்முதலாகத் தலைகாட்டுவது இங்கேதான். பிசின் நிறைந்த பள்ளம் உள்ள மரத்தில் தரைத்தீ பட்டால் மரமே பந்தமாக எரிந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சில அடி தூரத்துக்குச் சருகை வாரி ஒதுக்கிச் சுத்தம் செய்வார்கள்; பிறகு காட்டைத் தாங்களே கொளுத்திவிடுவார்கள். ஆயிரக்கணக்கான மரங்களுக்கு இப்படி அடி கூட்டுவது இடுப்பொடியும் வேலை. ஒதுக்கிய சருகுக்கு விலை எதுவுமில்லை. அது ஓர் ஆபத்து, அவ்வளவே.

சணலுக்கு மாற்றாக

ஊசிக்கு முதலில் விலை வைத்தவர்கள் நெசவாலைக்காரர்கள். ஐரோப்பாவில் சைலீசியா என்ற பகுதியில் 1840களிலேயே பைன் ஊசியைக் காரநீரில் வேகவைத்து நார் பிரித்து ‘வனக் கம்பளி’ என்ற பெயரில் விற்றார்கள். அமெரிக்காவில் இந்த எண்ணம் உயிர்பெற்றதற்கு, எங்கோ தொலைவில், நம் வங்காளமும் ஒரு காரணம்.

தென் மாநிலங்களின் பருத்திப் பொதிகளைச் சுற்ற வங்காளச் சணலில் நெய்த சாக்குத்துணியையே பயன்படுத்தி வந்தார்கள். 1888இல் சாக்குத்துணி ஆலைகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டன. பருத்தி விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். ‘விவசாயிகள் கூட்டணி’ என்ற அவர்களுடைய அமைப்பு சணல் துணியைப் புறக்கணிக்கச் சொன்னது. பருத்தித் துணியிலேயே பருத்தியைக் கட்டினார்கள். வேறு நார்களையும் தேடினார்கள். அப்போது வட கரோலினாவில் வில்மிங்டன் நகருக்கருகே பைன் ஊசி நாரில் பொதித்துணி நெய்யும் ஆலை ஒன்று இயங்கியது. போராட்டம் பலித்துச் சணல் விலை இறங்கியது, ஊசித்துணி நிலைக்கவில்லை. என்றாலும் காட்டுச் சருகைக் கூலி கொடுத்து அரித்து வண்டியில் ஏற்றலாம் என்பதை அந்தச் சில ஆண்டுகள் காட்டிவிட்டன. லூயிசியானாவின் கோஷாட்டா பழங்குடியினர் இதே ஊசிகளைச் சுருள் சுருளாகச் சுற்றித் தைத்து அழகிய கூடைகள் செய்கிறார்கள். இன்றளவும் தொடரும் கலை அது. அதற்கு வேண்டிய ஊசி காட்டுக்குக் கணக்கே இல்லை.

பவேரியாவில் ஒரு கணக்கு

இந்த இடத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஜெர்மனிக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. காட்டுச் சருகை அள்ளினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு முதலில் தராசும் ரசாயனமும் கொண்டு விடை தேடியது அங்கேதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மன் உழவர்கள் மாடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் கொட்டிலில் கட்டித் தீனி போடும் முறைக்கு மாறினார்கள். கொட்டிலில் மாட்டுக்குப் படுக்கை வேண்டும். வைக்கோல் தீனிக்கே போதவில்லை. எனவே காட்டுக்குப் போய்ச் சருகை அரித்து வந்து மாட்டுக்கு அடியில் பரப்பி, சாணமும் மூத்திரமும் ஊறிய பிறகு அதை வயலில் உரமாக இட்டார்கள். ஏழை உழவனுக்கு அது பரம்பரை உரிமை. அவன் வயல் விளைந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அரித்த காடுகளில் பைன் மரங்கள் கம்புபோல் மெலிந்து நின்றன. வனத்துறையினர் சருகரிப்பைக் குறைகூறினர், உழவர்கள் ஒப்பவில்லை. இருபுறமும் வெறும் வாதமாகவே இருந்தது.

எர்ன்ஸ்ட் எபர்மாயர் என்ற வன ரசாயனப் பேராசிரியர் பவேரிய நாட்டுக் காடுகளில் ஆண்டுதோறும் விழும் சருகை நிறுத்து, எரித்து, சாம்பலைப் பகுத்தாய்ந்தார். சுண்ணாம்பு எவ்வளவு, பொட்டாஷ் எவ்வளவு, பாஸ்பாரிக் அமிலம் எவ்வளவு என்று கணக்கிட்டு 1876இல் நூலாக வெளியிட்டார். அதில் தெரிந்த செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரம் வெட்டி எடுக்கும் கட்டையில் சத்து மிகக் குறைவு, இலையில்தான் அதிகம். ஆகவே கட்டையை மட்டும் எடுத்துச் சருகை விட்டுவைத்தால் காடு தன்னைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். சருகை எடுத்தால், வயலில் பயிர் அறுப்பதுபோல் ஆண்டுக்கு ஆண்டு மண்ணைக் கறப்பதாகும். வயலுக்கு உழவன் உரமிடுகிறான். காட்டுக்கு இடுகிறவர் யார்?

காட்டிலுள்ள சத்துச் சுழற்சியைப் பற்றி நாம் இன்று பாடத்தில் படிப்பதற்கு எபர்மாயரின் நூல் ஓர் அடிப்படை. ரசாயன உரமும் மலிந்த வைக்கோலும் வந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஜெர்மனியில் சருகரிப்பு முற்றிலும் ஓய்ந்தது. நம் நாட்டிலும் உத்தராகண்டின் மலைக் கிராமத்தார் ‘சீர்’ என்ற பைனின் ஊசிகளைப் ‘பிருல்’ என்று அழைத்து, மாட்டுக் கொட்டிலில் பரப்பி எருவாக்குவதைக் காணலாம். கோடையில் அந்தப் பிருல் பற்றிக்கொண்டு மலையே எரிவதால், அதை அரசே விலை கொடுத்து வாங்கும் திட்டங்களும் அங்கே உண்டு. சருகு எடுப்பதில் எந்த விதியும் எல்லா மலைக்கும் பொருந்தாது போலும்!

ஸ்ட்ராபெரியிலிருந்து புறநகருக்கு

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். ஏறத்தாழ 1870களில் தொடங்கி 1920கள் வரை ரயில் பாதைகளோடு மர அறுவை ஆலைகள் தென்னாட்டுக் காடுகளுக்குள் நுழைந்தன. வெட்டினார்கள், வெட்டி முடித்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். மிஞ்சிய மொட்டை நிலத்தில் கன்றுகள் முளைத்தன. ஆனால் காட்டில் திரிய விட்ட பன்றிகளுக்கு அவற்றின் சதைப்பற்றுள்ள வேர் நல்ல தீனியாயிற்று. ஒரு பன்றி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கன்றுகளைக் கிண்டித் தின்றுவிடும்.

அந்த மொட்டை நிலங்களின் நடுவே, லூயிசியானாவில் டாஞ்சிபஹோவா என்ற மாவட்டத்தில் ஒரு சிறு விவசாயம் தழைத்தது. இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பலவும் அங்கே ஸ்ட்ராபெரி பயிரிட்டன. ஸ்ட்ராபெரிப் பழம் தரையில் படுத்துக் காய்ப்பது. மண் பட்டால் அழுகும். எனவே குளிர்காலத்தில் குடும்பத்தோடு காட்டுக்குப் போய்ப் பைன் ஊசியை அரித்து, வண்டியில் கொண்டுவந்து, பாத்திகளின் மேல் பரப்பினார்கள். அதன்மேல் பழம் சுத்தமாகப் படுத்துக்கொண்டது. பைன் சருகு மூடாக்காகப் பெரிய அளவில் பயன்பட்ட பழைய இடங்களில் இது முக்கியமானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கறுப்புப் பிளாஸ்டிக் தாள் வந்து சருகின் வேலையைப் பறித்துக்கொண்டது.

வயலில் வேலை போன அதே காலத்தில் சருகுக்கு ஊரில் வேலை கிடைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அட்லாண்டா போன்ற நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பரவின. வீடுதோறும் புல்வெளி, பூம்பாத்தி, அசேலியாப் புதர். முதலில் தங்கள் கொல்லையில் உதிர்ந்ததையே கூட்டிப் பாத்தியில் போட்டவர்கள், பின்னர் கட்டாக விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். 1980களில் இது முழு வணிகமாகிவிட்டது. ஜார்ஜியாவின் ஆண்டுப் பண்ணை வருமானக் கணக்கில் இன்று பைன் சருகு தனிப் பொருளாக இடம்பெற்றுப் பல கோடி டாலர் மதிப்புப் பெறுகிறது. லாப்லாலிப் பைன், ஸ்லாஷ் பைன் ஆகியவற்றின் ஊசிகளும் விற்கப்படுகின்றன. ஆனால் நீளமும் நிறமும் கொண்ட நீள் இலைப் பைனுக்கே உயர்ந்த விலை.

அரிக்கும் முறை இன்னமும் பெரும்பாலும் கைவேலையே. முதலில் விழுந்த கொம்புகளையும் பைன் காய்களையும் பொறுக்கி எறிவார்கள். வாரியால் சருகை வரிசையாகக் குவிப்பார்கள். ஒரு மரப்பெட்டியில் அள்ளிப் போட்டு, நெம்புகோலால் அழுத்தி, கயிற்றால் கட்டி வெளியே தள்ளினால் ஒரு கட்டு. இத்தனை கட்டுக்கு இவ்வளவு என்று கூலி. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இதில் ஏராளம். வீட்டு முன்றிலில் அழகாகக் கிடக்கும் மெத்தைக்குப் பின்னால் குனிந்த முதுகுகள் இருக்கின்றன என்பதைப் பலர் நினைப்பதில்லை.

தீயும் சருகும்

இனி, விட்டுவந்த நெருப்பின் கதையைத் தொடர்வோம். 1928 முதல் சில ஆண்டுகள் அமெரிக்க வனவியல் சங்கத்தார் திரைப்படக் கருவி ஏற்றிய லாரிகளைக் கிராமம் கிராமமாக அனுப்பிக் காட்டுக்குத் தீ வைக்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் தீ நின்றதும் நீள் இலைப் பைன் கன்றுகளை ஓக் முதலிய மரங்கள் மூடி அமுக்கிவிட்டன. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எச். எச். சாப்மன், இந்த மரம் பிழைக்கத் தீ வேண்டும் என்று 1926இலேயே எழுதியிருந்தார். வனத்துறையினர் பலருக்கு அது காதில் ஏறவில்லை. 1943இல்தான் மத்திய வனத்துறை இந்தக் காடுகளில் திட்டமிட்டுத் தீயிடுவதை ஏற்றுக்கொண்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. வெட்டிய இடங்களில் காகித ஆலைக்காக விரைவில் வளரும் மற்றப் பைன்களை நட்டார்கள். 1990களில் கணக்கெடுத்தபோது 9 கோடி ஏக்கரில் மிஞ்சியது சுமார் 30 லட்சம் ஏக்கர். அந்தக் காட்டையே நம்பி வாழும் செங்கொண்டை மரங்கொத்தி 1970லேயே அழியும் இனங்களின் பட்டியலில் சேர்ந்திருந்தது. 2024இல்தான் ஆபத்து சற்றுத் தணிந்த இனமாக மாற்றப்பட்டது.

இந்தச் சூழ்நிலையில் பைன் சருகு வியாபாரம் காட்டுக்கு நண்பனா, பகைவனா? இரண்டுக்கும் சான்று உண்டு. நீள் இலைப் பைன் மெதுவாக வளர்வது. மரத்தை விற்றுப் பணம் பார்க்கப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். நட்ட பதினைந்து ஆண்டுகளிலேயே சருகு வருமானம் தரத் தொடங்குவதால், நிலக்காரர் பலர் லாப்லாலியை விட்டு இதை நட முன்வந்தார்கள். பழைய பருத்தி வயலில் நட்ட தோப்பானால் அங்கே கம்பிப்புல் ஏற்கெனவே இல்லை. சருகை அரிப்பதால் இழப்பதற்கும் அதிகமில்லை.

இயற்கைக் காட்டில் கணக்கு வேறு. ஒரு டன் காய்ந்த சருகோடு நான்கைந்து கிலோ நைட்ரஜன் வெளியேறுகிறது. மணற்பாங்கான அந்த மண்ணுக்கு அது சிறிய தொகையன்று. போர்வையை இழந்த மண் காய்கிறது, இறுகுகிறது. சருகு சுத்தமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் தரையிலுள்ள புல் பூண்டுகளைக் களைக்கொல்லி தெளித்து அழித்துவிடுகிறார்கள். சதுர மீட்டருக்கு 40 வகைச் செடி இருந்த தரை அது. அதோடு சருகு போய்விட்டால் தரைத்தீ ஓடுவதற்கு எரிபொருளும் இல்லை. என் கருத்தில் கடைசியில் சொன்னதுதான் பெரிய நஷ்டம். சத்தை உரமாகக் கொட்டிச் சரிக்கட்டலாம். தீயை எந்த மூட்டையிலும் வாங்க முடியாது. இதனால்தான் வன அலுவலர்கள் ஆண்டுதோறும் அரிக்காமல் இடையிடையே சில ஆண்டுகள் விட்டுவைக்கவும், அந்த ஆண்டுகளில் தீயிடவும் நிலக்காரர்களுக்கு அறிவுரை கூறுகிறார்கள்.

காட்டில் விரும்பி வரவேற்கும் தீ வீட்டு வாசலில் வந்தால் என்ன ஆகும்? 2007 பிப்ரவரியில் வட கரோலினாவின் தலைநகரான ராலியில், காற்று பலமாக வீசிய ஒரு நாளில், வரிசை வீடுகள் முப்பதுக்கும் மேற்பட்டவை தீயில் சேதமடைந்தன. வீட்டுச் சுவரின் பிளாஸ்டிக் பலகையும், சுவரை ஒட்டிப் பரப்பியிருந்த பைன் சருகும் தீ பரவ உதவியவை என்று பேசப்பட்டது. அதன் விளைவாக, எரியக்கூடிய வெளிச்சுவர் உள்ள அடுக்கு வீடுகளிலிருந்து பத்தடிக்குள் பைன் சருகு பரப்பக் கூடாது என்ற விதி அங்கே வந்தது. நெருப்புக்காகவே இயற்கை வளர்த்த ஊசியைக் கொண்டுவந்து வீட்டைச் சுற்றிப் போட்டோம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. பத்தடிக்கு அப்பால் அது இன்றும் அருமையான மூடாக்கே.

2009இல் அரசும் தனியாரும் சேர்ந்து நீள் இலைப் பைன் காடுகளை 80 லட்சம் ஏக்கராகப் பெருக்குவதென்று ஒரு பெருந்திட்டம் வகுத்தார்கள். இப்போது பரப்பு சுமார் 50 லட்சம் ஏக்கருக்கு வந்திருக்கிறது. இதில் பெரும்பகுதி தனியார் நிலம். அந்தத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் நட்ட கன்றுகள் இப்போதுதான் சருகு அரிக்கும் வயதுக்கு வருகின்றன. வாரியா, தீப்பந்தமா, இரண்டையும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற கேள்வி அந்தத் தோப்புக்காரர்களின் முன்னால் வந்து நிற்பது இந்த ஆண்டுகளில்தான்.